எலியை ஒழிக்குமுன் தெள்ளுப்பூச்சியை ஒழியுங்கள்

விடுமுறைக்கு நகரி, புத்தூர், திருப்பதி பக்கம் சொந்த ஊருக்குப் போய்வரும் நம் சங்கக் குடும்பங்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய காய்ச்சல் ஒன்று உண்டு. அதன் பெயர் டைபஸ். இதை டைபாய்டு என்று எண்ணிவிடக் கூடாது. டைபாய்டு அசுத்தமான நீராலும் உணவாலும் வருவது. டைபஸ் சிறு பூச்சிகளால் வருவது. பெயரில்தான் ஒற்றுமை. கிருமி வேறு, மருந்தும் வேறு.

அந்தப் பக்கத்தில் கவனிக்க வேண்டிய டைபஸ் இரண்டு வகை. முதலாவது 'ஸ்க்ரப் டைபஸ்'. புதர், புல், வயல் வரப்பு ஆகிய இடங்களில் உள்ள, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணி கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு பலருக்குத் தோன்றும். அக்குள், தொடையிடுக்கு போன்ற மறைவான இடங்களில் இருப்பதால் தேடிப் பார்க்க வேண்டும். தென் ஆந்திரத்தில் பரவிய இந்நோயின் கிருமி வகைகளைப் பற்றி, திருப்பதி 'ஸ்விம்ஸ்' மருத்துவமனையார் 2016-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுள்ளனர்.

இரண்டாவது, எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியால் வரும் டைபஸ். இது வீட்டுக்குள்ளேயே வருவது. வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் எல்லைக்கு இப்பால் வட தமிழ்நாட்டில் மக்களின் இரத்தத்தைச் சோதித்து 2020-இல் வெளியிட்ட முடிவின்படி, ஸ்க்ரப் டைபஸின் தடயம் கிராமங்களில் அதிகம். தெள்ளு டைபஸின் தடயம் நகர்ப்புறங்களில் அதிகம். ஆகவே, "நாங்கள் காடு கழனிப் பக்கமே போகவில்லையே" என்று சொல்லித் தப்ப முடியாது.

இது பரவும் விதம் விசித்திரமானது. கிருமி தெள்ளுப்பூச்சியின் குடலில் பெருகி அதன் எச்சத்தில் வெளிவருகிறது. பூச்சி கடிக்கும்போதே எச்சமிடும். நமக்கு அரிக்கிறது; சொறிகிறோம். அந்தக் கீறல் வழியே எச்சத்திலுள்ள கிருமி உள்ளே புகுகிறது. காய்ந்த எச்சத்திலும் கிருமி பல நாள் உயிரோடிருக்கும். எனவே பழைய எலி வளையைத் துடைப்பத்தால் பெருக்கும்போது எழும் தூசி மூலமும், அதே கையால் கண்ணைக் கசக்குவதாலும் வரலாம். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேராகத் தொற்றாது.

யாருக்கு ஆபத்து அதிகம்? தானியக் கிடங்கு, அரிசி ஆலை, மளிகைக் கடை, ரயில்வே கூட்ஸ் ஷெட் போன்ற எலி நடமாடும் இடங்களில் வேலை செய்வோருக்கு. நெடுநாள் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து பரணைச் சுத்தம் செய்வோருக்கும் அப்படியே. நாய், பூனையின் தெள்ளும் இதைப் பரப்பக் கூடும். அமெரிக்காவில் டெக்சாஸ், கலிபோர்னியா மாநிலங்களில் இந்நோய் இன்றும் உண்டு. 2018-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மையப்பகுதியிலேயே பரவியது. ஏழை நாட்டு நோய் என்று ஒதுக்குவதற்கில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வீட்டில் எலி என்றதும் நாம் முதலில் செய்வது எலி மருந்து வைப்பது. எலி செத்து உடல் குளிர்ந்ததும், அதன் மேலிருந்த தெள்ளுப்பூச்சிகள் வேறு இரத்தம் தேடிக் கிளம்பும். பக்கத்தில் படுத்திருப்பவர் நாம்தான்! எந்த வேலைக்கும் ஒரு வரிசை உண்டு. இங்கே அந்த வரிசை இது:

1. முதலில் எலி வளைகளிலும் எலி ஓடும் தடங்களிலும் சுகாதாரத் துறையினரைக் கேட்டுப் பூச்சிக்கொல்லித் தூள் இட வேண்டும்.
2. அதன் பிறகே எலிகளைப் பிடிக்கவோ கொல்லவோ வேண்டும். செத்த எலியை வெறுங்கையால் தொடக் கூடாது.
3. பிறகு ஓட்டைகளைச் சிமெண்டால் அடைத்து, தானியத்தை மூடியுள்ள டின்களில் வைக்க வேண்டும்.
4. பரணைப் பெருக்குமுன் தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும்.

கிருமி புகுந்து ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி தோன்றும். சில நாள் கழித்து மார்பிலும் வயிற்றிலும் தடிப்பு வரலாம். மாநிறத்தவருக்கு அது சரியாகத் தெரியாது. ஸ்க்ரப் டைபஸில் காணும் கறுப்புப் பொருக்கும் இதில் பொதுவாக இராது. பலருக்கு லேசாகப் போய்விடும். ஆனால் சிலருக்கு, முக்கியமாக முதியவர்களுக்கு, நுரையீரல், ஈரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கலாம்.

இந்த இடைவெளியில் நாம் ஊரிலிருந்து திரும்பி வந்து வேலைக்கும் பள்ளிக்கும் போகத் தொடங்கியிருப்போம். இங்குள்ள டாக்டர் டெங்கு, மலேரியா, டைபாய்டு என்று தேடுவார். "பத்து நாள் முன்பு ஊருக்குப் போயிருந்தேன், வீட்டில் எலி இருந்தது, பரணைச் சுத்தம் செய்தேன்" என்று நாமாகச் சொன்னால்தான் டைபஸ் அவர் நினைவுக்கு வரும். இரண்டு டைபஸுக்கும் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரை நல்ல மருந்து. சந்தேகம் வலுவாக இருந்தால் டாக்டர்கள் சோதனை முடிவுக்குக் காத்திராமலே அதைத் தொடங்குவார்கள். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். பென்சிலின் இந்நோய்க்குப் பயன்படாது. நாமாக மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடுவதும் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து தேவைப்படும்.

ஆகவே அன்பர்களே, ஊரிலிருந்து வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், எங்கே போனோம், எங்கே தங்கினோம் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.