முதல் மிதியில் நிற்காத வண்டி

மேட்டூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ‘அணை மீனை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்க, பழைய பைக்கின் பின்பக்கத்தைக் கழற்றி, இரண்டு சக்கரமும் பெட்டியும் பொருத்தி மூன்று சக்கர வண்டி ஆக்கினோம். பின்னால் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக். முதல் மிதியில் பெடல் அடிவரை போகிறது, இரண்டாவது மிதியில்தான் பிடிக்கிறது. தொப்பூர் கணவாயில் இறங்கினால் காலை எடுத்த பிறகும் பிரேக் விடுவதில்லை. பெரிய டிஸ்க்கும் ஸ்டீல் ஹோஸும் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?’

அவசரப்பட்டுப் போட வேண்டாம். இந்த இரண்டு கோளாறுக்கும் முதலில் தேட வேண்டிய இடம் டிஸ்க் அல்ல, மிதியை ஆயில் அழுத்தமாக்கும், கட்டைவிரல் பருமன்கூட இல்லாத மாஸ்டர் சிலிண்டர்.

பைக்கில் பிரேக் பிடித்தால் பாரம் முன்சக்கரத்துக்குப் பாய்கிறது. அதனால் முன்பிரேக்தான் பெரும்பங்கு வேலை செய்கிறது, பின்பிரேக் துணைக்கு மட்டும். மீன்பெட்டி ஏற்றிய மூன்று சக்கர வண்டியிலோ பாரமெல்லாம் பின்னால். வண்டியை நிறுத்த வேண்டியது பின்பிரேக். ஆனால் அதை இயக்குவது டிஸ்க்கைக் கவ்வும் ஒரே ஒரு காலிப்பருக்காக அளவெடுத்துச் செய்த பைக்கின் மாஸ்டர் சிலிண்டர்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த சிலிண்டரின் துளை 12.7 மி.மீ. என்று கொள்வோம், குறுக்குப் பரப்பு 1.27 ச.செ.மீ. பிஸ்டன் 10 மி.மீ. நகர்ந்தால் 1.27 மி.லி. ஆயில் போகும். காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 38 மி.மீ. என்றால், பேட் டிஸ்க்கைத் தொட்டு இறுக அது அரை மி.மீ. நகர்வதற்கு 0.57 மி.லி. வேண்டும். ஒரு காலிப்பர் இருந்தவரை தாராளம். இரண்டானதும் 1.13 மி.லி. கேட்கிறது. ஹோஸ் சற்று உப்புவதற்கும் அச்சு சற்று ஆடுவதற்கும் மிச்சமே இல்லை. பெடல் அடியைத் தொடாமல் என்ன செய்யும்?

மேட்டூர்க்காரருக்கு இதை அணையை வைத்தே சொல்லலாம். மாஸ்டர் சிலிண்டருக்கு மேலிருக்கும் ஆயில் டப்பாதான் மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கம். 120 அடி நிறைந்த தண்ணீர் அடியில் ஒரு ச.செ.மீ. மீது சுமார் 3.7 கிலோ அழுத்துகிறது. நீங்கள் 20 கிலோ விசையில் மிதித்தால், பெடல் அதை 4 மடங்காக்கினால், பிரேக் குழாய்க்குள் ச.செ.மீ.க்கு 63 கிலோ: 17 மேட்டூர் அணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அழுத்தம். இந்த அணைக்கும் மதகு உண்டு, மேட்டூரைப் போல 16 கண் கொண்ட பெரிய மதகு அல்ல. டப்பாவுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஊசிமுனை அளவில் ஒரு துளை. ஒரே ஒரு வேறுபாடு. காவிரியில் விட்ட தண்ணீரை அணை திரும்பக் கேட்பதில்லை. இங்கே உபரியாகும் ஆயில் அதே மதகு வழியாகத் திரும்பி ஏறியாக வேண்டும்.

அந்தத் துளைதான் இந்தக் கருவியின் அழகு. பெடலை மிதித்ததும் பிஸ்டன் முனையிலுள்ள ரப்பர் வாஷர் முதல் ஓரிரு மி.மீ.யில் துளையைத் தாண்டி அடைக்கிறது. அதற்குப் பிறகுதான் அழுத்தமே பிறக்கிறது. சட்டென்று காலை எடுத்தால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளிவிடும் வேகத்துக்கு, ஒல்லிக் குழாயிலிருந்து ஆயில் திரும்ப முடியாது. அப்போது வாஷரின் விளிம்பு மடங்கி, பின்னாலிருக்கும் ஆயிலை முன்னே விடுகிறது. இரண்டாவது மிதிக்குக் கூடுதல் ஆயில் கிடைப்பது அப்படித்தான். சற்றுப் பொறுத்தால் உபரி ஆயில் துளை வழியே டப்பாவுக்குப் போய்விடும், அடுத்த மிதி மறுபடி ‘முதல் மிதி’ ஆகிவிடும்.

கணவாயில் பிரேக் விடாததற்கும் இதே துளை காரணமாகலாம். பெடல் கம்பியைப் பிளே இல்லாமல் இறுக்கியிருந்தால் வாஷர் துளையை எப்போதும் மூடியே நிற்கும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. பேட் உரசும், உரசினால் மேலும் சூடு, மேலும் இறுக்கம்.

சோதிக்க எளிய வழி உண்டு. டப்பா மூடியைத் திறந்து, பெடலைக் கையால் மெல்ல அழுத்துங்கள். தொடக்கத்தில் ஆயில் பரப்பில் சின்னஞ்சிறு ஊற்று ஒன்று துள்ளினால் துளை திறந்திருக்கிறது. துள்ளாவிட்டால் பெடல் கம்பியைப் பாருங்கள், பிறகு துளையில் அடைப்பைத் தேடுங்கள். சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, வண்டிக்குக் கட்டை கொடுத்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டர் யூனியனைச் சற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் குற்றம் மாஸ்டர் சிலிண்டரில். அங்கே விடாமல், காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்ததும் விட்டால் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. இரண்டிலும் விடாவிட்டால் காலிப்பர் பிஸ்டனோ, காலிப்பர் சறுக்கும் பின்னோ துருப்பிடித்திருக்கிறது. பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று. இடப்பக்கக் காலிப்பரை வலப்பக்கம் மாட்டும்போது நிப்பிள் கீழே போய்விடும், எவ்வளவு ஏர் எடுத்தாலும் மேலே தங்கிய காற்று வராது. காலிப்பரைக் கழற்றி, பேட்களுக்கு நடுவே மரத்துண்டு வைத்து, நிப்பிள் மேல்நோக்கி இருக்கப் பிடித்து எடுங்கள்.

வரலாறு இவ்வளவு போதும்: இந்தத் திரவ அழுத்த விதி 17ஆம் நூற்றாண்டின் பாஸ்கலுடையது, 1917இல் மால்கம் லாக்ஹெட் அதைப் பிரேக்கில் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார், 1921இல் டியூசன்பர்க் காரின் நான்கு சக்கரத்துக்கும் வந்தது.

நீங்கள் கேட்ட பொருள்களுக்கு வருவோம். ஸ்டீல் ஹோஸ் உப்புவதைக் குறைக்கும், போதாத ஆயிலைத் தராது. பெரிய டிஸ்க்கும் தராது. அகலமான மாஸ்டர் சிலிண்டர் தரும். 15.9 மி.மீ. துளை என்றால் ஒன்றரை மடங்கு ஆயில். ஆனால் அதே மிதிக்கு அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். அதை ஈடுகட்ட பெடல் நெம்புகோலை நீட்டினால் பிஸ்டனின் பயணம் குறையும். இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. விலை உயர்ந்த ஆயிலும் அப்படித்தான். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். டப்பியின் பெயரைவிட ஆயிலின் வயது முக்கியம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கடைசியாக, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் வடிவத்தை இஷ்டப்படி மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றத்துக்குத் தனி வழி இருக்கிறது. இந்தத் தடைக்குள் இருப்பதும் அந்த 1.27 மி.லி. கணக்குதான். 40 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. இரண்டாவது மிதிக்கு அரை நொடி ஆனால் ஐந்தரை மீட்டர் போய்விடும். ஆகவே அந்த வண்டியில் பாரம் ஏற்றாதீர்கள். மீன் வியாபாரம் நிலைத்து நடக்க வேண்டுமென்றால், மூன்று சக்கரத்துக்கும் கணக்குப் போட்டுத் தயாரித்த சரக்கு ஆட்டோவுக்கு மாறுங்கள்.