அணு உலைக்குப் பக்கத்துத் தாய் வீடு

"தப்பா நினைக்கக்கூடாது சம்பந்தியம்மா. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், முறை எனக்கும் தெரியும். ஆனா உங்க ஊருக்குப் பக்கத்திலே அணு உலை இருக்கே? அந்தக் கழிவையெல்லாம்கூட அங்கேதான் வைக்கிறாங்களாமே? பேசாம பிரசவத்தைக் கரூர்லயே பார்த்துக்கலாமா?"

வளைகாப்புக்கு நாள் பார்ப்பதற்காகப் போன் செய்த சம்பந்தியம்மாள், பேச்சோடு பேச்சாக இப்படிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் யோசித்தேன். ஒன்றும் ஆகாது என்று எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் வீடு கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில் இருக்கிறது. அணுமின் நிலையத்துக்கும் எங்கள் வாசலுக்கும் ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும். அங்கே முதல் உலை 1984-லும் இரண்டாவது உலை 1986-லும் முறைப்படி வேலையைத் தொடங்கின. நான் வாழ்க்கைப்பட்டு வந்தது 1999-ல். வந்த புதிதில் கொஞ்சம் உதறல் இருந்தது. அப்புறம் பால்காரர், பள்ளிக்கூடம், மாமியார், மளிகைக் கடை என்று ஆகிவிட்டது. தினமும் பார்க்கிற மலையைக் கண்டு யாராவது பயப்படுவார்களா?

ஒரே ஒரு நாள் பயந்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். தெருவிலே ஒரே கூச்சல். ஈரப் புடவையோடும் செருப்பில்லாத காலோடும் ஜனங்கள் மேற்கே ஓடி வருகிறார்கள். "கடல் வந்துடுச்சு" என்கிறார் ஒருவர். "அணு உலை வெடிச்சுடுச்சு" என்கிறார் இன்னொருவர். மூன்று வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். கடல் என்றால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று தெரிகிறது. மற்றது என்றால் ஓடுவதா, வீட்டுக்குள் இருப்பதா? யாருக்கும் தெரியவில்லை. வந்தது சுனாமி. டவுன்ஷிப்பிலும் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களிலும் பல உயிர்கள் போயின. அன்று ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள், கதிரியக்கம் எதுவும் வெளியே வரவில்லை என்பதைப் பிற்பாடு பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அன்று இடுப்பில் இருந்த பெண்தான் இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கேள்விக்கு நான் பதில் தெரிந்து வைத்துக்கொள்ளவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

எங்கள் பகுதியில் அவ்வப்போது அவசர கால ஒத்திகை நடக்கும். அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை இதற்கான திட்டம் உண்டு. ஊருக்குள் பாதிப்பு என்றால் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு. ஒரு ஒத்திகையின்போது கொடுத்த நோட்டீஸ் எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. என் கணவர் அதை அழகாக மடித்துக் கடைக் கல்லாவில் பழைய ரசீதுகளோடு வைத்துவிட்டார்! சமையலறையைப் பற்றி எழுதிய காகிதம் சமையலறைக்கே வரவில்லை. அதைத் தேடி எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியரிடம் போனேன். நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும்தான். அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

மிளகாய்த் தூள் மாதிரி

முதலில் கழிவைப் பற்றிக் கேட்டேன். உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளுக்குத்தான் வீரியம் அதிகமாம். அதை வருஷக் கணக்கில் ஆழமான நீர்த்தொட்டியில் போட்டு வைக்கிறார்கள். அப்புறம் உதவக்கூடியதைப் பிரித்து எடுத்துக்கொண்டு, மிஞ்சுகிற கடுமையான கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி எஃகு உருளைகளில் அடைக்கிறார்கள். கையுறை, துடைத்த துணி போன்ற லேசான கழிவு கான்கிரீட் குழிகளுக்குப் போகிறது. தவறே நடந்ததில்லை என்று சொல்ல முடியாது. 2003 ஜனவரியில் கல்பாக்கத்தின் மறுசுத்திகரிப்பு ஆலையில், கழிவுத் தொட்டிப் பகுதியில் ஒரு வால்வு பழுதாகி, 6 ஊழியர்கள் மேல் அளவுக்கு மிஞ்சிக் கதிர் பட்டது. ஊருக்குள் எதுவும் பரவவில்லை.

"கதிர் படுறதும் கதிரியக்கத் தூசு ஒட்டுறதும் ஒண்ணா சார்?" என்று கேட்டேன். "நல்ல கேள்விம்மா" என்றார். (பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை!) கதிர் என்பது அடுப்பின் அனல் மாதிரி. தள்ளிப் போனால் குறையும், நடுவில் சுவர் இருந்தாலும் குறையும். தூசு என்பது மிளகாய்த் தூள் மாதிரி. கையில் ஒட்டினால் கூடவே வரும். அந்தக் கையால் குழந்தையைத் தொட்டால் குழந்தைக்கும் ஒட்டும். சாப்பிட்டால் வயிற்றுக்குள்ளேயே போய்விடும். மிளகாய்த் தூளாவது எரிந்து காட்டிக் கொடுக்கும். இதற்கு மணமும் இல்லை, எரிச்சலும் இல்லை.

பிரேசில் நாட்டில் கோயானியா என்று ஓர் ஊர். 1987-ல் அங்கே கைவிடப்பட்ட ஒரு மருத்துவமனையிலிருந்து, புற்றுநோய்க்குக் கதிர் வைக்கும் பழைய இயந்திரத்தின் பாகத்தை இரண்டு பேர் கழற்றிக் காயலான் கடையில் போட்டார்கள். உள்ளே சீசியம்-137 என்ற பொடி. இருட்டில் நீல நிறமாக மின்னியதாம். அதிசயம் என்று அக்கம்பக்கத்தாருக்கும் சொந்தக்காரர்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். 6 வயதுச் சிறுமி அதைத் தொட்ட கையோடு சாப்பிட்டாள். வீட்டில் ஒருவர் பின் ஒருவராக வாந்தி எடுக்க, இதற்குக் காரணம் அந்தப் பொருள்தான் என்று முதலில் கண்டுபிடித்தவள் காயலான் கடைக்காரரின் மனைவி. அதைப் பையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் சுகாதார அலுவலகத்தில் கொண்டு போய் வைத்தாள். அவளும் அந்தச் சிறுமியும் உள்பட நான்கு பேர் இறந்தார்கள். 249 பேரிடம் அந்தத் தூசு ஒட்டியிருந்தது. அந்த ஒரு பெண் யோசித்திருக்காவிட்டால் இன்னும் எத்தனை பேரோ! நம் டில்லியிலேயே 2010-ல் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 இருந்த கருவியை உடைத்து ஒருவர் உயிரிழந்தார். ஆகவே, அணு உலை இல்லாத ஊர்ச் சகோதரிகளே, மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் விசிறி மாதிரி படம் போட்ட எதையும் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பால் தம்ளர்

எனக்கு மிகவும் உறைத்தது பால் விஷயம்தான். உலையில் விபத்து நேர்ந்தால் முதலில் காற்றில் கிளம்பக்கூடியவற்றில் அயோடின்-131 ஒன்று. அது புல்லில் படிகிறது. பசு ஏக்கர் கணக்கில் புல்லை மேய்ந்து பாலில் சேர்த்துத் தருகிறது. குழந்தை பாலைக் குடிக்கிறது. அதன் கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி, நல்ல அயோடின் எது, கெட்டது எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் விண்ட்ஸ்கேல் என்ற இடத்தில் 1957 அக்டோபரில் அணு உலை தீப்பிடித்தபோது, சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலையெல்லாம் கொட்டிவிடச் சொன்னார்கள். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் உலை வெடித்தபோது பக்கத்து நகரான பிரிபியாத்தில் குழந்தைகள் அன்று பகலெல்லாம் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பிற்பகலில்தான் ஊரைக் காலி செய்தார்கள். சுற்று வட்டாரக் கிராமங்களில் பாலை நிறுத்தத் தாமதமாயிற்று. பிற்காலத்தில் ஆயிரக் கணக்கான பிள்ளைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்ததற்கு அந்தப் பால்தான் பெரிய காரணம். பக்கத்து நாடான போலந்திலோ சில நாட்களுக்குள் சுமார் 1 கோடி குழந்தைகளுக்கு அயோடின் மருந்து கொடுத்துவிட்டார்கள்.

"பாலைக் காய்ச்சினால் போயிடாதா?" என்று கேட்டேன். போகாது! காய்ச்சினால் கிருமிதான் சாகும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அப்படித்தான், தண்ணீர் வற்றுமே தவிர இது குறையாது. ஆனால் அயோடின்-131-க்கு ஆயுசு குறைவு. எட்டு நாளைக்கு ஒரு தரம் பாதியாகும். எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் முன்பே டப்பாவில் அடைத்த பால் பவுடருக்கு ஆபத்தில்லை. சீசியம்-137 அப்படியல்ல. பாதியாவதற்கே 30 வருஷம்.

அயோடின் மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நல்ல அயோடினால் தைராய்டை முன்கூட்டியே நிரப்பிவிடுகிறது. கெட்டது வந்தால் உட்கார இடமிருக்காது. ஆனால் காப்பது தைராய்டை மட்டும்தான், அதுவும் சுமார் ஒரு நாளைக்குத்தான். அதிகாரிகள் கொடுத்து, "சாப்பிடுங்கள்" என்று சொன்ன பிறகே சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளும் சாப்பிடலாம். பிறந்த குழந்தைக்குப் பெரியவர்கள் அளவில் எட்டில் ஒரு பங்குதான். என்னைப் போல நாற்பது தாண்டியவர்களுக்குப் பயன் குறைவு, குழந்தைகளுக்குத்தான் முதலில். 2011-ல் ஜப்பானில் புகுஷிமா விபத்து நடந்தபோது சீனாவில் ஜனங்கள் அயோடின் உப்பை அள்ளிக்கொண்டு போனார்களாம். ஒரு மாத்திரைக்கு ஈடாகக் கிலோக் கணக்கில் உப்புத் தின்ன வேண்டும்! புண்ணுக்குப் போடும் டிங்சரைக் குடிப்பதோ விஷம்.

இத்தனையும் கேட்டு வந்த பிறகு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கள் பழைய வீட்டில் நடு அறைக்கு ஜன்னல் இல்லை. இத்தனை நாள் அதற்காக மாமியாரிடம் குறைபட்டிருக்கிறேன். இப்போது அதுதான் உத்தமமான அறை. சைரன் கேட்டாலும் ஒலிபெருக்கி வண்டி வந்தாலும் செய்ய வேண்டியது ஓடுவதல்ல. உள்ளே வந்து கதவு ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத் துணி செருகி, வெளிக்காற்றை இழுக்கும் மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டு அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். மாடியில் வடாம் காய்ந்தால் காயட்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தால் அங்கேயே உள்ளே வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். பெற்ற மனம் கேட்காது, ஆனால் அழைத்து வர வெளியே ஓடுவது உங்களுக்கும் கெடுதல், பிள்ளைக்கும் கெடுதல். ஊரைவிட்டுக் கிளம்பச் சொன்னால் அவர்கள் சொன்ன வழியிலேயே போக வேண்டும். பிற்பகலில் இங்கே கடற்காற்று எங்கள் பக்கமாகத்தான் வீசும். கொடியில் துணி போடுகிற எனக்கு அது தெரியும், நோட்டீசைப் பார்க்காமலே!

வெளியிலிருந்து யாராவது வந்தால் வாசலிலேயே மேல் உடுப்பைக் கழற்றிப் பாலிதீன் பையில் கட்டி ஒதுக்கி வைத்துவிடச் சொல்ல வேண்டும். உடுப்பைக் கழற்றினாலே படிந்த தூசில் பத்தில் ஒன்பது பங்கு வரை போய்விடும். பிறகு சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். தோலைத் தேய்த்துப் புண்ணாக்கக் கூடாது. தலைக்கு ஷாம்பு போடலாம். கண்டிஷனர் கூடாது, அது தூசை மயிரோடு ஒட்ட வைத்துவிடும். எண்ணெயும் வேண்டாம்.

எங்கள் கிணற்றுக்கு மூடி போட்டாயிற்று. பசுவுக்கான வைக்கோல் போரைத் தார்ப்பாயால் மூடியாயிற்று. பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கி மூன்று நாளைக்கான சாமான்களை வைத்தேன். மூடிய கேன்களில் தண்ணீர், அவல், பொரி, பிஸ்கட், டார்ச், பாட்டரியில் பாடும் பழைய டிரான்சிஸ்டர், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, ரேஷன் அட்டை நகல். கூடவே குழந்தைப் பால் பவுடர் ஒரு டப்பா. இதை எழுதும்போதே சில சகோதரிகள் முகம் சுளிப்பது தெரிகிறது. தாய்ப்பால் இருக்க டப்பாப் பால் எதற்கு என்று என் மகளும்தான் சண்டைக்கு வந்தாள். சாதாரண நாளில் அதைத் திறக்கவே போவதில்லை. தாய் உட்கொண்ட கதிரியக்க அயோடின் தாய்ப்பாலிலும் வரும் என்பதால், அப்படி நேர்ந்தால் டாக்டர் சொல்லும்வரை டப்பாப் பால் கொடுக்க வேண்டியிருக்கும். அதுவும் கைவசம் இல்லையென்றால் தாய்ப்பாலையே கொடுக்கலாம், குழந்தையைப் பட்டினி போடக்கூடாது. டோக்கியோவில் 2011 மார்ச்சில் குழாய்த் தண்ணீரைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று திடீரென்று அறிவித்தபோது, தாய்மார்கள் பாட்டில் தண்ணீருக்கு அலைந்தார்கள். என் மகள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் கேன்களில் பிடித்து வைத்திருக்கிறேன்.

இவ்வளவையும் ஒரு இன்லண்டு லெட்டரில் எழுதிச் சம்பந்தியம்மாளுக்கு அனுப்பினேன். "ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னது தவறு. ஆகிவிட்டால் என்ன செய்வது என்று இப்போது தெரிந்து வைத்திருக்கிறேன். அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் இஷ்டம்" என்று முடித்தேன். கல்பாக்கத்தைச் சுற்றி விளையும் அரிசி, காய்கறி, கறக்கும் பால், பிடிக்கும் மீன் எல்லாவற்றையும் மாதிரி எடுத்துச் சோதிக்க ஆய்வுக்கூடம் இருப்பதையும் எழுதினேன். ஒரு வாரம் பதில் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் மாப்பிள்ளைதான் போன் செய்தார். "வளைகாப்பு முடிஞ்சதும் கூட்டிட்டுப் போங்கத்தை, அம்மா சொல்லிட்டாங்க."

பேரன் பிறந்து ஐம்பது நாளாகிறது. போன வாரம் சம்பந்தியம்மாள் வந்திருந்தார். பேரனைக் கொஞ்சிவிட்டு, "எங்கே அந்தப் பெட்டி?" என்று கேட்டுத் தானே திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பால் பவுடர் டப்பாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அடுத்த மாசத்தோட முடியுது சம்பந்தியம்மா. புதுசா ஒண்ணு வாங்கி வெச்சிடுங்க."