டியூஷன் கொட்டிலும் ஒரு வியாபாரம்தான்

மாதத்தின் முதல் வாரத்திலும் கடையில் சனம் இல்லையென்றால் நமது வியாபாரிகள் அரசாங்கத்தை ஏசுவார்கள், வரியை ஏசுவார்கள். டியூஷனை யாரும் ஏசுவதில்லை. ஆனால் சம்பளம் கைக்கு வந்ததும் இன்று ஒரு நடுத்தரக் குடும்பம் முதலில் எடுத்து வைப்பது பிள்ளைகளின் வகுப்புக் கட்டணத்தைத்தான். உடுப்புக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் வருவது அதன் மிச்சம்.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பிரதான வீதியால் ஒருமுறை போய்ப் பாருங்கள். மதில்களிலும் லைட் போஸ்ட்களிலும் கணித சேர், விஞ்ஞான சேர், புலமைப்பரிசில் டீச்சர் என்று படங்களோடு போஸ்டர்கள். தேர்தல் காலத்தில்தான் இவ்வளவு முகங்களை மதிலில் பார்த்திருக்கிறோம். 1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. பாடப் புத்தகமும் சீருடைத் துணியும் இன்றும் அரசாங்கம்தான் தருகிறது. ஆனாலும் காசு கொடுக்காமல் சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையலாம் என்று நம்பும் வாப்பாமார் எத்தனை பேர்?

இதை ஒரு தொழிலாகவே எடுத்துக் கணக்குப் பார்ப்போம். ஓர் உதாரணத்துக்கு, ஒரு வகுப்பில் 60 பிள்ளைகள், தலைக்கு மாதம் 1500 ரூபா. மொத்தம் 90,000. ஆசிரியருக்கு நாலில் மூன்று பங்கு என்று பேசியிருந்தால் அவருக்கு 67,500, நிலையம் நடத்துபவருக்கு 22,500. பத்துப் பிள்ளைகள் இலவச அட்டை என்றால் வரவு 75,000 ஆகும், நிலையத்துக்காரரின் பங்கும் 18,750க்கு இறங்கிவிடும். கட்டிட வாடகை, கரண்ட் பில், போஸ்டர், கூட்டித் துடைப்பவரின் கூலி எல்லாம் அதிலிருந்துதான். ஆகவே ஒரு வகுப்பை வைத்து நிலையத்துக்காரர் உழைக்க முடியாது. பாடசாலை விட்டதிலிருந்து மஃரிப் வரைக்கும், சனி ஞாயிறு முழுவதும், மண்டபம் சும்மா கிடக்கக் கூடாது. பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போன அந்தி நேரத்தை டியூஷன் பிடித்துக்கொண்டதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. நிலையங்களுக்கோ காலையிலேயே மண்டபம் நிறையும் காலம் அது.

ஆசிரியர்களைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கில்லை. தமிழ் மொழியில் கணிதமும் விஞ்ஞானமும் விளங்கப்படுத்தக் கூடியவர்கள் நமது பாடசாலைகளுக்குப் போதாமல் இருப்பது நீண்ட காலக் கதை. அந்த வெற்றிடத்தை நிரப்புபவர் கூலி வாங்குவதில் பிழையில்லை. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பல பிள்ளைகளின் படிப்பு அறுந்து போகாமல் இருந்தது ஸூமில் வந்த டியூஷன் ஆசிரியர்களால்தான். (வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் வாப்பாவின் சட்டைப் பையில் என்ற நிலையில் இருந்த பிள்ளைகளின் கதை வேறு.)

எனக்கு ஏற்றுக்கொள்ள முடியாதது ஒன்றுதான். காலையில் பாடசாலையில் அரைவாசியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மீதியை அதே பிள்ளைக்குப் பின்னேரம் காசுக்குச் சொல்லிக் கொடுப்பது. அரிசியைக் களஞ்சியத்தில் பூட்டி வைத்து விலை ஏறியதும் விற்கிற வியாபாரியை நாம் பதுக்கல்காரன் என்கிறோம், மார்க்கமும் அதைத் தடுக்கிறது. பாடத்தைப் பதுக்குபவருக்கு மட்டும் ஏன் வேறு பெயர்?

இன்னொரு விடயம், வியாபாரிகளாகிய நமக்கு உடனே விளங்கக் கூடியது. கூலிக்கு வேலை பேசும்போது வேலையும் கூலியும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது நமது கொடுக்கல் வாங்கல் சட்டம். டியூஷனில் "மாதம்" என்றால் என்ன? நாலு வகுப்பா, முப்பது நாளா? மழைக்கு இரண்டு வகுப்பு நின்றால் அது யாருடைய நட்டம்? சேர் உம்றாவுக்குப் போன மாதத்துக்குக் கட்டணம் உண்டா? பெரும்பாலான இடங்களில் அட்டையில் முத்திரை குத்துகிறார்கள், இதுபற்றி ஒரு வரி எழுதுவதில்லை. நாமும் கேட்பதில்லை. சீமெந்து பையில் ஒரு கிலோ குறைந்தால் ஏஜென்டோடு சண்டைக்குப் போகிற நாம், பிள்ளையின் வகுப்பு குறைந்தால் பேசாமல் இருக்கிறோம்.

சரி, கட்ட முடிந்தவர் கட்டுகிறார். உங்கள் கடையில் துணி மடிக்கும் தம்பியின் வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை சாதாரண தரத்தில், மூன்று பாடம் என்றால் மேலே சொன்ன கணக்கிலேயே மாதம் 4500 ரூபா. இன்னொன்று புலமைப்பரிசிலுக்கு. 2022இல் விலைவாசி தலைகீழாகப் புரண்டதிலிருந்து இப்படியான வீடுகளில் முதலில் ஆங்கிலம் வெட்டுப்படுகிறது, பிறகு விஞ்ஞானம். கடைசியில் மூத்தவன் வாப்பாவோடு கடைக்கு வருகிறான். நமக்கும் ஒரு சின்னப் பொடியன் வேலைக்குக் கிடைத்துவிட்டான் என்று சந்தோசம்.

1942இல் அரசாங்க அதிகாரியாகக் கல்முனைக்கு வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் இங்கே முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகத்தான் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானது. ஏழைப் பிள்ளையின் படிப்புச் செலவை வசதியுள்ளவர் ஏற்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நாமோ நோன்பு இருபத்தேழில் கடை வாசலில் வரிசை கட்டி நிற்பவர்களுக்குச் சில்லறை நோட்டுக் கொடுத்துவிட்டு, அதோடு கணக்கை மூடிவிடுகிறோம்.

எங்கள் பகுதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார் வேறு மாதிரி செய்கிறார். தனது கடையிலும் பக்கத்துக் கடைகளிலும் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் ஐந்து பேருக்கான கட்டணத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேராக நிலையத்தில் கட்டுகிறார். முற்பணம், மொத்தக் கொள்வனவு என்று சொல்லிப் பேசி, ஐந்து பேருக்கு நாலு பேரின் விலைதான் கொடுக்கிறார். நிலையத்துக்காரருக்கும் அது நட்டமில்லை, நிலுவை விழாத காசு. இதை ஸகாத்தில் சேர்க்கலாமா என்பதை உங்கள் உலமாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸதக்காவாகக் கொடுப்பதற்கு அந்தக் கேள்வியே எழாது.

ஹாஜியார் மாதக் கடைசியில் ஐந்து பிள்ளைகளின் வரவு அட்டைகளையும் மேசையில் வைத்துப் பார்ப்பார், டெலிவரி பில் பார்ப்பதைப் போல. போன தவணை ஒருவனுடைய அட்டையில் மூன்று வாரம் வெறுமையாக இருந்தது. விசாரித்ததில், சனிக்கிழமைகளில் அவன் வாப்பாவுக்குப் பதிலாகச் சந்தையில் மரக்கறித் தட்டைக் கவனிக்கிறான் என்று தெரிய வந்தது. ஹாஜியார் யாரையும் ஏசவில்லை. அவனை ஞாயிறு பின்னேர வகுப்புக்கு மாற்றித் தரும்படி நிலையத்துக்குப் போன் எடுத்தார்.