‘தயார்’ என்று பொய் சொல்லும் கோப்பு

கோப்பு ஒன்றைத் திறந்து வாசிப்பது எப்படி என்று நிரலாக்க வகுப்பில் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஒரே வரிதான். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு நேரம் தவம் கிடக்க வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை.

3 கிகாஹேர்ட்ஸ் செயலி ஒரு நொடியில் 300 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்பையே ஒரு நொடியாக நீட்டிக்கொள்வோம். இந்தக் கணக்கில், எஸ்எஸ்டி ஒன்று 100 மைக்ரோ நொடியில் தரும் தகவல் வந்துசேர ஏறக்குறைய மூன்றரை நாள் ஆகும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், தட்டு அரைச்சுற்றுத் திரும்பவே ஐந்து மாதம்! வாசிப்புத் தலை சரியான தடத்துக்கு நகரும் நேரம் இதில் சேரவில்லை.

அதுவரை செயலி சும்மாவா இருக்கும்? இல்லை. கேட்ட நிரலை இயங்குதளம் தூங்கவைத்துவிட்டு, இன்னொன்றை ஓடவிடுகிறது. வட்டின் கட்டுப்பாட்டுச் சில்லு செயலியைத் தொந்தரவு செய்யாமல் தகவலைத் தானே நினைவகத்தில் இறக்கிவிட்டு, முடிந்ததும் ஒரு தட்டுத் தட்டி எழுப்பும். லினக்ஸ் இதற்கும் ஒரு படி மேலே போகிறது. நீங்கள் கோப்பை வரிசையாக வாசிக்கிறீர்கள் என்று மோப்பம் பிடித்துவிட்டால், கேட்காத பகுதியையும் முன்கூட்டியே எடுத்துவைக்கும். வழக்கமான அளவு 128 கிலோபைட். அடுத்த முறை கேட்கும்போது பதில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஆக, செயலிக்கு நட்டமில்லை. மாட்டிக்கொள்வது நிரல்தான். ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லும் சேவையகம், ஒருவருடைய கோப்புக்காகத் தூங்கிப்போனால் மற்ற 999 பேரின் கதி என்ன?

இலங்கையின் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். பறித்த கொழுந்து வாட 12 முதல் 18 மணி நேரம் பிடிக்கும். அதன் முன்னால் யாரும் கைகட்டி நிற்பதில்லை. முன்பே வாடிய கொழுந்து ரோலரில் போய்க்கொண்டிருக்கும். கேட்டுவிட்டு நகர்ந்து, பதில் வந்ததும் திரும்பிக் கவனிக்கும் இந்த முறைக்குக் கணினியில் ‘ஒத்திசைவற்ற வாசிப்பு’ என்று பெயர்.

வலையமைப்புக்கு இதைச் செய்வது எளிது. 2002இல் லினக்ஸுக்கு வந்த ‘இபோல்’ என்ற வசதி, ஆயிரக்கணக்கான இணைப்புகளில் எது பேசத் தயார் என்று சொல்லிவிடும். அதனிடம் ஒரு சாதாரணக் கோப்பைக் கொடுத்தால் ‘அனுமதி இல்லை’ என்று திருப்பி அனுப்புகிறது! அதற்கு மூத்த ‘செலெக்ட்’ இன்னும் வேடிக்கை. எந்தக் கோப்பைக் காட்டினாலும் ‘தயார்’ என்கிறது. வலையின் மறுமுனை பதில் சொல்லாமலே போகலாம், வட்டு எப்படியும் சொல்லிவிடும் என்ற பழைய யூனிக்ஸ் நம்பிக்கை இது. தயார் என்று நம்பி வாசிக்கப் போனால், அந்த ஐந்து மாதம் காத்துக் கிடக்கிறது.

ஆகவே பலரும் பின்கதவால் நுழைந்தார்கள். காத்திருப்பதற்கென்றே சில இழைகளை, அதாவது நிரலுக்குள்ளேயே தனித்தனியாக ஓடும் துணை வேலையாட்களை, வைத்துக்கொள்வது. ஒத்திசைவற்ற வேகத்துக்குப் பேர்போன நோட்.ஜேஎஸ் கோப்பு வாசிப்பதும் இப்படித்தான். உள்ளே ஒளிந்திருக்கும் இழைகள், மாற்றி அமைக்காவிட்டால், வெறும் நான்கு. இது தெரியாமலே அதைப் புகழ்பவர்கள் நிறைய.

நேர்வழி 2019 மே மாதம் லினக்ஸ் 5.1உடன் வந்தது. ஜென்ஸ் ஆக்ஸ்போ உருவாக்கிய ‘ஐஓ யூரிங்’. நிரலும் இயங்குதளமும் பகிர்ந்துகொள்ளும் நினைவகத்தில் இரண்டு வளையங்கள்: ஒன்றில் கேள்விகள், மற்றதில் பதில்கள். ஒரு கேள்வி 64 பைட்தான். என்ன செய்ய வேண்டும், எந்தக் கோப்பு, எந்த இடத்திலிருந்து, எவ்வளவு, எங்கே இறக்க வேண்டும் என்பவற்றோடு நிரல் தன் விருப்பப்படி எழுதும் 8 பைட் அடையாளம் ஒன்றும் அதில் உண்டு. பதில் 16 பைட்: அதே அடையாளம், வாசித்த பைட் எண்ணிக்கை, சில குறிப்புகள். தவறு நடந்தால் எண்ணிக்கை எதிர்மறையாக வரும். கேட்ட வரிசையில் பதில் வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. எது எதற்கான பதில் என்பதை அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு சிக்கனமான வடிவமைப்பைப் பார்ப்பது அரிது.

விரும்பினால், கேள்வி வளையத்தையே கண்காணிக்க இயங்குதளம் ஓர் இழையை நிறுத்திவைக்கும். அது விழித்திருக்கும்வரை கேள்வியை வளையத்தில் எழுதினாலே போதும், கூப்பிடக்கூட வேண்டாம். இந்த வேகத்துக்கு விலையும் உண்டு. பாதுகாப்பு ஓட்டைகள் தொடர்ந்து வெளிப்பட்டதால், 2023இல் கூகுள் தன் குரோம்ஓஎஸ்ஸில் ஐஓ யூரிங்கை நிறுத்திவிட்டது.

காத்திருப்பை மொழியே கவனித்துக்கொள்ளும் வழியும் உண்டு. ஐஓ யூரிங் வந்த அதே 2019இல், இலங்கையில் வேர்கொண்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் பாலரினா மொழியின் 1.0 பதிப்பை வெளியிட்டது. அதில் வலையமைப்பு அழைப்பை, பதிலுக்காக நின்று காத்திருப்பது போலவே சாதாரண வரியாக எழுதலாம். காத்திருப்பது ‘ஸ்ட்ராண்ட்’ என்ற மெல்லிய இழை மட்டுமே. அதைச் சுமந்துவந்த உண்மையான இழை, அதற்குள் இன்னொரு ஸ்ட்ராண்டை ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும்.