மதில் இடிந்த பிறகு பேசிய தளபதி

2005-ல் வெளியான 'கிங்டம் ஆஃப் ஹெவன்' படம், ஜெருசலேமைக் காக்கப் போரிட்ட பாலியனைப் பிரான்சிலிருந்து வந்த கொல்லராகக் காட்டியது. நிஜமான பாலியனோ பாலஸ்தீனத்தில் இபெலின் கோட்டையை ஆண்ட பிரபுவின் மகன். ஜெருசலேம் மன்னர் அமல்ரிக்கின் விதவை மரியா கொம்னேனாவை மணந்தவர். அவருடைய உண்மைக் கதைக்குக் கற்பனை எதுவும் தேவையில்லை.

1187 ஜூலை 4. ஹத்தீன் போரில் தண்ணீர் கிடைக்காமல் தவித்த சிலுவைப் படையை முஸ்லிம் சுல்தான் சலாவுதீன் நிர்மூலமாக்கினார். சிலுவைப் படையின் பின்காப்புப் பிரிவை நடத்திய பாலியன் வளையத்தை உடைத்துத் தப்பினார்.

மனைவி மக்கள் ஜெருசலேமில் இருந்தார்கள். அவர்களை அழைத்துவரச் சலாவுதீனிடமே அனுமதி கேட்டார். ஆயுதம் எடுக்கக் கூடாது, ஓர் இரவுக்கு மேல் தங்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சுல்தான் அனுமதித்தார். நகருக்குள் நுழைந்ததும், நகரைக் காக்கச் சொல்லி மக்கள் சூழ்ந்துகொண்டு விட மறுத்தார்கள். பாலியன் தன் இக்கட்டைச் சுல்தானுக்கே எழுதினார். அவரும் சத்தியத்திலிருந்து விடுவித்து, மரியாவையும் பிள்ளைகளையும் காவலோடு பத்திரமாக அனுப்பிவைத்தார். எதிரிகளுக்குள் இப்படியொரு மரியாதை!

நகரில் நைட் எனும் குதிரை வீரர்கள் மிகச் சிலரே. 16 வயது தாண்டிய பிரபு வீட்டுப் பையன்களுக்கெல்லாம் பாலியன் நைட் பட்டம் கொடுத்தார். திருக்கல்லறைத் தேவாலயத்தின் வெள்ளியைப் பெயர்த்தெடுத்துப் படைவீரர் சம்பளத்துக்கு நாணயம் அடித்தார்கள். செப்டம்பர் 20-ல் முற்றுகை தொடங்கியது. சில நாட்களில் சுல்தானின் படையினர் வடக்கு மதிலின் அடியைத் தோண்டிச் சரித்துவிட்டார்கள்.

பாலியன் சமாதானம் பேசப் போனார். 1099-ல் சிலுவைப் படையினர் நகரைப் பிடித்தபோது நடத்திய படுகொலையை நினைவூட்டி, சலாவுதீன் மறுத்தார். அப்படியானால் எங்கள் பெண்டு பிள்ளைகளையும், ஆயிரக்கணக்கான முஸ்லிம் கைதிகளையும் கொன்று, முஸ்லிம்களின் புனிதத் தலங்களான பாறைக் குவிமாடத்தையும் அல் அக்ஸாவையும் இடித்துவிட்டே சாவோம் என்றார் பாலியன். கைதிகளின் உயிரைப் பணயமாக்கிய அந்த மிரட்டலை வீரம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதுதான் சுல்தானை இறங்கிவர வைத்தது.

நகர மக்கள் வெளியேற ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 என்று மீட்புத்தொகை முடிவானது. ஏழைகள் 7,000 பேருக்கு மொத்தமாக 30,000 தினார். அக்டோபர் 2-ல் படுகொலையின்றி நகரம் கைமாறியது.

அப்போதும் பல்லாயிரம் பேரிடம் பணம் இல்லை. சலாவுதீனின் தம்பி அல் ஆதில் ஆயிரம் பேரைத் தனக்குப் பரிசாகக் கேட்டு வாங்கி, அங்கேயே விடுதலை செய்தார். சுல்தான் முதியவர்களை விடுவித்தார். நகரின் கிறிஸ்தவத் தலைமைக் குரு ஹெராக்ளியஸோ தன் பங்குக்கு 10 தினார் கட்டிவிட்டு, தேவாலயச் செல்வங்களை வண்டியேற்றிக்கொண்டு வெளியேறினார். அந்தச் செல்வத்தைக் கொடுத்திருந்தால் இன்னும் எத்தனையோ பேர் மீண்டிருப்பார்கள். கட்ட வழியில்லாத சுமார் 15,000 பேர் அடிமைகளானார்கள்.