மாறுகண்ணுக்கு விஷ ஊசி: கூடுமா?

சென்ற வாரம் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு சகோதரர் என்னை நிறுத்தினார். அவருடைய நான்கு வயது மகளுக்கு ஒரு கண் மூக்குப் பக்கம் திரும்பியிருக்கிறது. "டாக்டர் போடாக்ஸ் ஊசியும் ஒரு வழின்னு சொல்றார் ஹஜ்ரத். அது விஷமாமே? நடிகைங்க முகச் சுருக்கத்துக்குப் போடுறதாமே? கூடுமா?"

விஷம்தான். கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நச்சு அது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுத்துவிடும். உடல் முழுவதும் பரவினால் மூச்சே நின்றுபோகும். ஆனால் முகச் சுருக்கத்துக்காக இது மருந்தாகவில்லை. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர், மாறுகண்ணை அறுவை சிகிச்சை இல்லாமல் சரிசெய்ய வழி தேடினார். முதலில் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1977இல் முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செலுத்தினார். 1989இல் அமெரிக்க அரசு அனுமதித்ததும் மாறுகண்ணுக்கும், தானாக இமை இறுகிக்கொள்ளும் நோய்க்கும்தான். அழகு நிலையங்களுக்கு அது போனது பிறகுதான்.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. கண்ணை உள்பக்கம் இழுக்கும் தசையில் மிக நுண்ணிய அளவு மருந்தைச் செலுத்தினால், சில நாட்களில் அந்தத் தசை தளரும். எதிர்த்தசை கண்ணை வெளியே இழுக்கும். இரண்டு மூன்று மாதங்களில் மருந்தின் வேகம் போய்விடும். அதற்குள் இரண்டு கண்களும் சேர்ந்து பார்க்கப் பழகிவிட்டால் சிலருக்கு நேராகவே நிலைத்துவிடுகிறது. சிலருக்கு மறுபடி ஊசி, சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். கொஞ்ச காலம் இமை தொங்குவதும் உண்டு, அது தானாகச் சரியாகும். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்தே போடுவார்கள். சர்க்கரை நோயால் கண் நரம்பு செயலிழந்து, திடீரென்று ஒன்று இரண்டாகத் தெரியும் பெரியவர்கள் சிலருக்கும் இந்த ஊசி உதவுகிறது.

இனி மார்க்கம். விஷம் கலந்த மருந்தைப் பற்றி இமாம் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் 'அல்முஃக்னி'யில் பேசுகிறார்கள். உயிருக்கோ புத்திக்கோ கேடு வருவதே அதிகம் என்றால் கூடாது. பெரும்பாலும் ஆபத்தின்றிப் பலன் எதிர்பார்க்கலாம் என்றால் ஆகும் என்பது அவர்கள் சொல்வதன் சாரம். அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா என்றும் அந்தச் சகோதரர் கேட்டார். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்கத்தில் மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. குறையை நீக்குவது வேறு, இல்லாத அழகைத் தேடுவது வேறு.

எனக்குக் கவலை வேறு இடத்தில். மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் பெண்கள்கூடச் சொல்கிறார்கள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று நன்னிமார் தள்ளிப்போடுகிறார்கள். பிறகு நிக்காஹ் பேச்சு வரும்போதுதான் ஓடுகிறோம். திரும்பிய கண்ணிலிருந்து வரும் காட்சியைச் சின்ன வயதில் மூளை ஒதுக்கிவிடுகிறது. ஏழெட்டு வயதைத் தாண்டினால் அந்தப் பார்வையை மீட்பது கடினம். பிறகு கண்ணை நேராக்கலாம், போன பார்வை முழுதாக வராது. அதனால்தான் சிலருக்குக் கண்ணாடியும், நல்ல கண்ணை மூடி வைக்கும் பயிற்சியும் முதலில் தருகிறார்கள். சிலருக்குக் கண்ணாடி ஒன்றே போதும்.

புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் இன்னொரு முறை காட்டிவிட்டு முடிவெடுப்பதாக அந்தச் சகோதரர் சொன்னார். பிள்ளையின் பழைய போட்டோக்களையும் கொண்டுபோகச் சொன்னேன். கண் எப்போது திரும்ப ஆரம்பித்தது என்பதை அதில் பார்த்துவிடலாம்.