அரங்கம் யாருக்கு?

சென்ட்ரல் நிலையத்தருகே, ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில், செக்கச் செவேலென நிமிர்ந்து நிற்கிறதே விக்டோரியா பொது அரங்கம், அதை அறியாதார் யார்? ஆனால் தோழர்களே, உள்ளே நுழைந்தவர் நம்மில் எத்தனை பேர்?

பெயர் மகாராணியுடையது, 1887ஆம் ஆண்டுப் பொன்விழாவின் நினைவாகச் சூட்டியது. பெயரா பெரிது? அங்கே நடந்ததல்லவா பெரிது! நடிகனைக் ‘கூத்தாடி’ என்று எள்ளிய காலத்தில், 1891இல் சுகுண விலாச சபை கண்ட பம்மல் சம்பந்தனார், படித்தவர்களை அரிதாரம் பூசவைத்து ஏற்றிய மேடை அது! 1916 நவம்பர் 20இல் தியாகராயரும் டாக்டர் நாயரும் கூடி, நீதிக்கட்சிக்கு வித்திட்ட இடமும் அதுவே!

பிறகு? பாழடைந்தது, பல்லாண்டு பூட்டிக் கிடந்தது. 2023இல் மாநகராட்சி, 30 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் சீரமைப்பைத் தொடங்கியது. வரவேற்கிறோம், வாழ்த்துகிறோம்!

ஆனால், அது யார் பணம்? 2011இல் காத்திவாக்கம் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அன்றுமுதல் நம் வரியும் அந்தக் கருவூலத்துக்கே போகிறது. அனல்மின் நிலையச் சாம்பல் நமக்கு, அழகிய அரங்கம் பிறருக்கா? தண்டையார்பேட்டை அகஸ்தியா திரையரங்கும் 2020இல் மூடப்பட்டுவிட்டது. ஆலை விட்டு வரும் தொழிலாளி எங்கே போவான், கலை காண?

கேட்பது சலுகையல்ல, பங்கு! மாதம் ஒருநாளேனும் அந்த மேடை தொழிலாளர் நாடகக் குழுக்களுக்குக் கிடைக்கட்டும், அவர்கள் தாங்கும் வாடகையில். அதுபோல் ஓர் அரங்கம் காத்திவாக்கத்திலும் எழட்டும்!

காத்திவாக்கத்தில் மின்ரயில் ஏறினால், இறங்குமிடத்துக்கு அருகிலேயே அரங்கம். வழி தூரமில்லை, வாடகைதான் தூரம். அந்தத் தூரத்தைக் குறைப்பதே உண்மையான சீரமைப்பு!